வேலை வழக்கில் தோற்றால் எதிர்தரப்பின் செலவையும் கட்ட வேண்டுமா? பிரிட்டன் தீர்ப்பாயங்கள் பற்றிய கேள்வி பதில்

பராமரிப்பு இல்லம், கடை, பெட்ரோல் நிலையம், மருத்துவமனை, அலுவலகம் என்று பிரிட்டனில் பல இடங்களில் தமிழர்கள் வேலை பார்க்கிறார்கள். நியாயமற்ற பணிநீக்கம், சம்பளப் பிடித்தம், பாகுபாடு ஆகியவற்றுக்காக வேலைவாய்ப்புத் தீர்ப்பாயத்துக்குப் போகிறவர்களும் அவர்களில் உண்டு. வழக்கின் நடுவில் முதலாளியின் சொலிசிட்டரிடமிருந்து ஒரு கடிதம் வரும்: வழக்கைக் கைவிடாவிட்டால் எங்கள் செலவு முழுவதையும் உங்களிடம் கேட்போம் என்று. அந்தக் கடிதத்துக்குப் பயந்து நல்ல வழக்கைக் கைவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். படிக்காமலே ஒதுக்கிவைத்துப் பிறகு பெருந்தொகைக்கு ஆளாகிறவர்களும் இருக்கிறார்கள். விதிகள் தெரிந்திருந்தால் இரண்டையும் தவிர்க்கலாம்.

இங்கே சொல்பவை இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றுக்கும் பொருந்தும். வடஅயர்லாந்தில் தீர்ப்பாயங்களும் விதிகளும் வேறு. இது பொதுவான விளக்கம் மட்டுமே. உங்கள் ஆவணங்களைப் பார்த்த ஒருவரின் ஆலோசனைக்கு இது ஈடாகாது.

வழக்கில் தோற்றால் முதலாளியின் வக்கீல் செலவை நான் கட்ட வேண்டுமா?

பொதுவாக வேண்டியதில்லை. உரிமையியல் நீதிமன்றங்களில் தோற்றவர் வென்றவரின் செலவைக் கட்டுவது வழக்கம். வேலைவாய்ப்புத் தீர்ப்பாயத்தில் அந்த வழக்கம் இல்லை. அவரவர் செலவு அவரவருக்கு. எதிர்தரப்பின் செலவைக் கட்டச் சொல்லும் செலவு உத்தரவு என்பது விதிவிலக்கு என்று உயர் நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன.

இதற்குக் காரணம் உண்டு. ஒரு பக்கம் மாதச் சம்பளத்தில் வாழ்கிறவர், மறுபக்கம் சொலிசிட்டர் நிறுவனத்தையும் நீதிமன்றத்தில் வாதாடும் பாரிஸ்டரையும் அமர்த்தக்கூடிய முதலாளி. தோற்றவர் கட்ட வேண்டும் என்றால், சட்டம் தரும் உரிமை ஏட்டில் மட்டும்தான் இருக்கும். 2013 ஜூலையில் தீர்ப்பாயக் கட்டணம் கொண்டுவரப்பட்டபோது இதைக் கண்கூடாகப் பார்த்தோம். பணிநீக்கம், பாகுபாடு போன்ற வழக்குகளுக்கு விசாரணை வரை மொத்தம் 1,200 பவுண்ட். மேல்முறையீட்டுக்கு 1,600 பவுண்ட். வழக்குகளின் எண்ணிக்கை சரிந்தது. யூனிசன் தொழிற்சங்கம் தொடுத்த வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2017 ஜூலை 26 அன்று அந்தக் கட்டணங்கள் சட்டவிரோதமானவை என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றத்தை அணுகும் உரிமையைக் கட்டணத்தால் தடுக்கக்கூடாது என்பதே அதன் அடிப்படை. இப்போது வழக்குத் தொடுக்கவும் மேல்முறையீடு செய்யவும் கட்டணம் இல்லை.

அப்படியானால் எந்தச் சூழ்நிலையில் கட்டச் சொல்வார்கள்?

இப்போது நடைமுறையில் இருப்பவை 2025 ஜனவரி 6 முதல் அமலுக்கு வந்த 2024ஆம் ஆண்டு நடைமுறை விதிகள். செலவு விஷயத்தில் அதற்கு முந்தைய 2013 விதிகளின் சாரமே தொடர்கிறது. பழைய தீர்ப்புகளும் அதனால் இன்றும் பயன்படுகின்றன.

வழக்குத் தொடுத்த விதத்திலோ நடத்திய விதத்திலோ ஒருவர் தொல்லை கொடுக்கும் நோக்குடனோ, வசைமொழியுடனோ, விசாரணையைக் குலைக்கும்படியோ, வேறு வகையில் நியாயமற்றோ நடந்துகொண்டிருந்தால் செலவு உத்தரவு பற்றித் தீர்ப்பாயம் பரிசீலிக்க வேண்டும். வெல்வதற்கு நியாயமான வாய்ப்பே இல்லாத வழக்கைத் தொடுத்தாலும், அப்படிப்பட்ட எதிர்வாதத்தைத் தாக்கல் செய்தாலும் அதே நிலைதான். விசாரணை தொடங்க 7 நாட்கள்கூட இல்லாத நேரத்தில் கேட்டு விசாரணை தள்ளிவைக்கப்பட்டால், அதனால் வந்த செலவும் கணக்கில் வரும். தீர்ப்பாயத்தின் உத்தரவுகளை மீறினாலும் செலவு உத்தரவு வரலாம்.

பரிசீலிக்க வேண்டும் என்பதற்கும் உத்தரவு போட வேண்டும் என்பதற்கும் இடைவெளி பெரியது. முதலில், மேலே சொன்ன காரணங்களில் ஒன்று இருக்கிறதா? இருந்தால், இந்த வழக்கின் முழுச் சூழ்நிலையில் உத்தரவு போடுவது சரியா? சரி என்றால், எவ்வளவு? முதல் கேள்விக்கு ஆம் என்று சொல்லிவிட்டு நேராக மூன்றாவதுக்குத் தாவும் தீர்ப்பாயம் சட்டப் பிழை செய்கிறது. அது மேல்முறையீட்டில் நிற்காது.

முதலாளியின் சொலிசிட்டர் செலவு கேட்போம் என்று கடிதம் அனுப்பியிருக்கிறார். என்ன செய்வது?

முதலில் நினைவில் கொள்ளுங்கள்: அது எதிர்தரப்பின் கடிதம். தீர்ப்பாயத்தின் உத்தரவு கிடையாது. செலவு உத்தரவு போடும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு மட்டுமே இருக்கிறது.

ஆனால் அதைப் படிக்காமல் விடாதீர்கள். நல்ல சொலிசிட்டர் எழுதும் கடிதத்தில் உங்கள் வழக்கின் பலவீனம் எங்கே என்பது இருக்கும். எந்தத் தேதியைத் தவறவிட்டீர்கள், எந்தக் குற்றச்சாட்டுக்குச் சான்று இல்லை, எந்தச் சட்டப் பிரிவு உங்களுக்குப் பொருந்தாது என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். அந்தக் கடிதத்தை ஒரு ஆலோசகரிடம் காட்டி, ஒவ்வொரு குறைக்கும் உங்களிடம் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். பதில் இருந்தால் சுருக்கமாக, மரியாதையாக எழுதி அனுப்புங்கள். பிறகு செலவுக் கேள்வி எழுந்தால், நீங்கள் யோசித்துத்தான் வழக்கைத் தொடர்ந்தீர்கள் என்பதற்கு அந்தப் பதிலே சான்று. ஒரு குற்றச்சாட்டு மட்டும் நிற்காது என்று தெரிந்தால் அதை மட்டும் கைவிடலாம்.

கடிதத்தில் என்ன காரணம் என்றே சொல்லாமல், மிகப் பெரிய தொகையை மட்டும் எழுதிப் பயமுறுத்தியிருந்தால் அதற்கு எடை குறைவு. அப்படியானாலும் தேதியோடு பத்திரப்படுத்துங்கள்.

சமரசத் தொகை சொல்லி, அதை ஏற்காவிட்டால் இந்தக் கடிதத்தைச் செலவுக் கேள்வியின்போது காட்டுவோம் என்று எழுதுவதும் உண்டு. முன்வந்த தொகையைவிடக் குறைவாகத் தீர்ப்பில் கிடைத்தால் உடனே செலவு உத்தரவு என்று பலர் அஞ்சுகிறார்கள். சேஃப்வே நிறுவனம் சம்பந்தப்பட்ட 2003ஆம் ஆண்டு வழக்கில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இதைத் தெளிவாக்கியது: தொகை குறைந்ததால் மட்டும் உத்தரவு வராது, அந்தச் சமரசத்தை மறுத்தது நியாயமற்ற நடத்தையாக இருக்க வேண்டும். ஆகவே மறுப்பதாக இருந்தால் ஏன் மறுக்கிறீர்கள் என்பதை எழுத்தில் வையுங்கள்.

தீர்ப்பாய நீதிபதியே "தோற்றால் செலவு வரும்" என்று எச்சரித்தால்?

இங்கேதான் செலவும் நியாயமான விசாரணையும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. ஷெல் எண்ணெய் நிறுவனத்துக்கு எதிராக ஒரு பெண் தொடுத்த வழக்கில், செலவு உத்தரவு வரக்கூடும் என்று தீர்ப்பாயம் எச்சரித்தது. வக்கீல் இல்லாமல் வந்திருந்த அவர் பயந்து வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பிறகு மேல்முறையீடு செய்தார். 2002இல், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் மேலே உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. தோற்றால் செலவு உத்தரவு வரும் என்ற உண்மையான ஆபத்து இருக்கும்போது மட்டுமே அப்படி எச்சரிக்கலாம், இல்லாவிட்டால் அது ஒருவரை வழக்கிலிருந்து விரட்டும் நியாயமற்ற அழுத்தம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். வழக்கு மீண்டும் உயிர் பெற்றது.

முதல்முறை நீதிபதி முன் உட்காருகிறவருக்கு அவர் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் தீர்ப்பாகவே கேட்கும். நீதிமன்றம் அந்தப் பயத்தைப் புரிந்துகொண்டு எழுதிய தீர்ப்பு என்பதால் எனக்கு அதன்மேல் தனி மதிப்பு உண்டு. உங்களுக்கு இப்படி நடந்தால் அங்கேயே முடிவெடுக்காதீர்கள். யோசிக்கச் சிறிது நேரம் வேண்டும், ஆலோசனை பெற வேண்டும் என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

எச்சரிக்கையும் முன்வைப்புத் தொகை உத்தரவும் வேறு வேறு. ஒரு குற்றச்சாட்டு வெல்வதற்கான வாய்ப்பு குறைவு என்று தோன்றினால், அதைத் தொடர ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் 1,000 பவுண்ட் வரை முன்பணம் கட்டச் சொல்லலாம். தொகையை நிர்ணயிக்கும் முன் உங்கள் பண நிலையை விசாரிக்க வேண்டும். அந்தப் பணத்தைக் கட்டித் தொடர்ந்து, முன்பே சொன்ன அதே காரணத்துக்காகத் தோற்றால், நியாயமற்று நடந்துகொண்டதாகவே பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். முன்பணமும் எதிர்தரப்புக்குப் போகும். ஆகவே முன்வைப்பு உத்தரவு வந்தால் அதற்கான காரணங்களை வரி வரியாகப் படியுங்கள்.

வழக்கைப் பாதியில் திரும்பப் பெற்றால் செலவு வருமா?

திரும்பப் பெற்றதே குற்றம் ஆகாது. பிஎன்பி பரிபா வங்கி வழக்கில் 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைச் சொன்னது. அப்படி இருந்தால் நிற்காத வழக்கைக்கூட எல்லோரும் கடைசிவரை இழுத்தடிப்பார்கள். வழக்கை நடத்திய விதம் நியாயமாக இருந்ததா என்பதே கேள்வி. விசாரணைக்கு முந்தைய நாள் வரை எதிர்தரப்பைச் செலவழிக்க வைத்துவிட்டுக் காரணமின்றிக் கைவிட்டால் சிக்கல் வரலாம். எவ்வளவு சீக்கிரம் முடிவெடுக்கிறீர்களோ அவ்வளவு பாதுகாப்பு.

பார்ன்ஸ்லி மாநகராட்சி வழக்கில் (2011) மனுதாரர் வழக்கைத் திரும்பப் பெற்ற பிறகு முழுச் செலவையும் கட்ட உத்தரவிட்டார்கள். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை அடியோடு நீக்கியது. அதற்கு மேலே போனபோது நீதிபதி மம்மரி தலைமையிலான அமர்வு பாதித் தொகை என்று முடிவு செய்தது. மாநகராட்சியின் நடத்தையும் சரியில்லை என்பது அதில் ஒரு காரணம். வழக்கின் முழுப் படத்தையும் பார்க்க வேண்டும், எந்த நடத்தை நியாயமற்றது, அதனால் என்ன விளைவு ஏற்பட்டது என்று அடையாளம் காட்ட வேண்டும் என்ற அந்தத் தீர்ப்பின் வழிகாட்டுதல் இன்றும் எல்லாச் செலவு விசாரணைகளிலும் எடுத்துக்காட்டப்படுகிறது.

நான் சொன்னதை நம்பவில்லை என்று தீர்ப்பில் எழுதியிருக்கிறார்கள். அதுவே போதுமா?

போதாது. சாட்சியம் ஏற்கப்படாமல் போவது ஒவ்வொரு வழக்கிலும் யாரோ ஒருவருக்கு நடப்பதுதான். வழக்கின் அடித்தளத்தையே வேண்டுமென்றே பொய்யாகக் கட்டியிருந்தால் ஆபத்து மிக அதிகம். ஆனாலும் பொய் என்றதும் தானாகவே உத்தரவு என்று சட்டம் சொல்லவில்லை. அந்தப் பொய் வழக்கில் எந்த அளவுக்கு முக்கியமானது என்று பார்த்தாக வேண்டும்.

எனக்கு வக்கீல் இல்லை. என்னையும் அதே தராசில் நிறுப்பார்களா?

மாட்டார்கள். ஏக்யூ நிறுவன வழக்கில் 2012இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னதை இப்போது எல்லாத் தீர்ப்பாயங்களும் பின்பற்றுகின்றன: சட்டம் படித்தவரிடம் எதிர்பார்க்கும் விலகிநின்று பார்க்கும் தெளிவைத் தன் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை தீர்ப்பாயத்துக்கு வருகிறவரிடம் எதிர்பார்க்கக்கூடாது. அதற்காக வக்கீல் இல்லாதவருக்குச் செலவு உத்தரவே வராது என்றும் எண்ண வேண்டாம். லண்டனின் லூயிஷம் உள்ளாட்சி மன்ற வழக்கைப் பாருங்கள். 2013இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உறுதிசெய்த உத்தரவு அது. வக்கீல் இல்லாத, வேலையும் இல்லாத மனுதாரர் எதிர்தரப்பின் செலவில் மூன்றில் ஒரு பங்கைக் கட்ட வேண்டியிருந்தது. அது சுமார் 87,000 பவுண்ட் என்று மதிப்பிடப்பட்டது. முன்கூட்டியே எச்சரிக்கவில்லை, முன்வைப்புத் தொகை கேட்கவில்லை என்ற வாதங்கள் அங்கே அவரைக் காப்பாற்றவில்லை.

எவ்வளவு வரை கட்டச் சொல்ல முடியும்? என்னிடம் பணமே இல்லை என்றால்?

தீர்ப்பாயம் தானே ஒரு தொகையைக் குறிப்பிடுவதானால் 20,000 பவுண்ட் வரை. அதற்கு மேல் போக வேண்டுமானால் செலவுக் கணக்கை வரி வரியாகச் சரிபார்க்கும் விரிவான மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். லூயிஷம் தொகை அந்த வழியில் வந்ததுதான்.

உங்களால் கட்ட முடியுமா என்பதைத் தீர்ப்பாயம் கணக்கில் எடுக்கலாம். எடுத்தே ஆக வேண்டும் என்று விதி சொல்லவில்லை. ஆனால் தொகை பெரிதாக இருக்கும்போது, அதைப் பற்றி யோசிக்கவே இல்லை என்றால் மேல்முறையீட்டில் அது குறையாகும். நாட்டிங்ஹாம் டிரெண்ட் பல்கலைக்கழக வழக்கில் (2011) மனுதாரரிடம் அப்போது பெரிதாக வருமானம் இல்லை. இருந்தும் 3,000 பவுண்ட் உத்தரவு நின்றது. அவருடைய நிலைமை நாளை மேம்படலாம் என்றது நீதிமன்றம். "இப்போது பணம் இல்லை" என்ற ஒரே வரி போதாது என்பதற்கு இது சாட்சி. சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், வாடகை, கடன், ஊரில் இருக்கும் பெற்றோருக்கு அனுப்பும் பணம் ஆகிய எல்லாவற்றையும் தாள்களோடு காட்டுங்கள். சேமிப்போ சொத்தோ இருந்தால் மறைக்காதீர்கள். மறைத்தது வெளிப்பட்டால் மற்ற கணக்கையும் நம்ப மாட்டார்கள்.

செலவு உத்தரவு போடும் முன் என் பக்கத்தைக் கேட்க வேண்டாமா?

கட்டாயம் கேட்க வேண்டும். எழுத்திலோ நேரிலோ பதில் சொல்ல நியாயமான வாய்ப்புத் தராமல் உத்தரவு போடக்கூடாது என்று விதியே சொல்கிறது. வழக்கை முடித்துவைக்கும் தீர்ப்பு அனுப்பப்பட்ட நாளிலிருந்து 28 நாட்களுக்குள் எதிர்தரப்பு செலவு கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆகவே தீர்ப்பு வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று மின்னஞ்சலைப் பார்க்காமல் இருக்காதீர்கள். வீடு மாறினால் தீர்ப்பாயத்துக்குத் தெரிவியுங்கள்.

சில நேரம் விசாரணையின் கடைசி நாளில், தீர்ப்பை வாய்மொழியாகச் சொன்ன அடுத்த நிமிடமே எதிர்தரப்பு பாரிஸ்டர் எழுந்து செலவு கேட்பார். தோற்ற அதிர்ச்சியில் இருக்கும் ஒருவரால் அப்போது ஒழுங்காகப் பேச முடியாது. எழுத்தில் பதில் தர அவகாசம் வேண்டும், எந்த நடத்தைக்காக எவ்வளவு கேட்கிறார்கள் என்பதை எழுத்தில் தர வேண்டும் என்று கேளுங்கள். அவகாசம் மறுக்கப்பட்டால், கேட்டதையும் மறுத்ததையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாளி மோசமாக நடந்துகொண்டால் நானும் கேட்கலாமா?

கேட்கலாம். விதி இரு தரப்புக்கும் ஒன்றே. ஆவணங்களை மறைத்து, உத்தரவுகளை மீறி, நிற்காத எதிர்வாதத்தைக் கடைசிவரை பிடித்துக்கொண்டிருக்கும் முதலாளிகள் மீது உத்தரவு வந்திருக்கிறது. வக்கீல் இல்லாமல் நீங்களே தயாரித்திருந்தால் தயாரிப்பு நேரத்துக்கான உத்தரவு கேட்கலாம். 2013இல் மணிக்கு 33 பவுண்ட் என்று தொடங்கிய விகிதம் ஒவ்வொரு ஏப்ரல் 6ஆம் தேதியும் ஒரு பவுண்ட் கூடுகிறது. செலவழித்த நேரத்தை வழக்கின் முதல் நாளிலிருந்தே எழுதிவையுங்கள்.

பிழை வக்கீலுடையது என்றால் அவர்மீதே வீண்செலவு உத்தரவு கேட்கலாம். இலவசமாக உதவும் அமைப்புகளின் பிரதிநிதிகளுக்கு அது பொருந்தாது.

உத்தரவு தவறு என்று நினைக்கிறேன். எங்கே, எப்போது மேல்முறையீடு செய்வது?

வேலைவாய்ப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில். லண்டனில் ஃபெட்டர் லேனில் உள்ள ரோல்ஸ் பில்டிங்கிலும் எடின்பரோவிலும் அது இயங்குகிறது. சட்டப் பிழைக்கு மட்டுமே அங்கே இடம். "என் சாட்சியை நம்பியிருக்க வேண்டும்" என்பது அங்கே எடுபடாது. விதியைத் தவறாகப் படித்தார்கள், காரணம் சொல்லவில்லை, எந்தத் தீர்ப்பாயமும் வந்திருக்க முடியாத முடிவுக்கு வந்தார்கள், விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்பவை எடுபடும். செலவு என்பது முதல் தீர்ப்பாயத்தின் விருப்புரிமை என்பதால் மேலே உள்ளவர்கள் எளிதில் கை வைக்க மாட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காலக்கெடு 42 நாட்கள். தீர்ப்பு உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணக்கூடாது, அனுப்பப்பட்ட தேதியிலிருந்து எண்ண வேண்டும். ஒரு புதன்கிழமை அனுப்பியிருந்தால், ஆறு வாரம் கழித்து வரும் புதன்கிழமை மாலை 4 மணிக்குள் மனுவும் தீர்ப்பும் எழுத்து வடிவக் காரணங்களும் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். வாய்மொழியாகத் தீர்ப்புச் சொன்னால் எழுத்து வடிவக் காரணங்களை 14 நாட்களுக்குள் கேட்டுப் பெறுங்கள். அப்படிக் கேட்டிருந்தால் அந்தக் காரணங்கள் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 42 நாட்கள். கெடு தாண்டினால் நீட்டிப்பு கிடைப்பது மிக அரிது. நல்ல மேல்முறையீடுகள் சில நிமிடத் தாமதத்தில் கதவுக்கு வெளியே நின்றுவிடுகின்றன. கடைசி நாள் வரை வைத்துக்கொள்ளாதீர்கள்.

மூலத் தீர்ப்பும் செலவு உத்தரவும் வெவ்வேறு தேதிகளில் வந்திருந்தால் இரண்டுக்கும் தனித்தனி கெடு. மூலத் தீர்ப்புக்கு மேல்முறையீடு போட்டாயிற்று, அதிலேயே செலவும் அடங்கும் என்று விட்டுவிடக்கூடாது.

எந்த அளவுக்கு நடந்தால் விசாரணை நியாயமற்றது ஆகும்?

நீதிபதி கடுமையாகப் பேசினார், என்னை இடைமறித்தார், எதிர்தரப்பிடம் சிரித்துப் பேசினார் என்ற ஆதங்கத்தோடு நிறையப் பேர் வருகிறார்கள். அந்த வலி உண்மையானது. ஆனால் சட்டம் கேட்கும் கேள்வி வேறு: எல்லா விவரமும் தெரிந்த, நியாய மனம் கொண்ட பார்வையாளர் ஒருவர், இந்தத் தீர்ப்பாயம் ஒருதலைப்பட்சமாக இருக்க உண்மையான சாத்தியம் உண்டு என்று நினைப்பாரா? அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 2001இல் வகுத்த அளவுகோல் இது.

டேட்டாபல்ஸ் நிறுவன வழக்கு இந்த வகையில் மறக்க முடியாதது. மூவர் அமர்வில் ஒருவர் மது அருந்திய நிலையில் இருந்ததாகவும் விசாரணையின்போது தூங்கியதாகவும் புகார். மற்ற இருவர் விழித்திருந்தார்கள், முடிவும் ஒருமனதானது என்று விட்டுவிடலாமா? முடியாது என்று 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. கேட்காதவர் தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்த நேரத்திலேயே மனுதாரர் தரப்பு ஏன் புகார் செய்யவில்லை என்ற கேள்விக்கும் அந்த நீதிமன்றம் மனிதத்தோடு பதில் சொன்னது. தன் வழக்கை முடிவு செய்யப்போகிறவர்கள் முன்பே அவர்களில் ஒருவரைக் குறைசொல்வது வக்கீலுக்கே கடினம் என்பதை அது ஒப்புக்கொண்டது.

அதே ஆண்டு நார்தர்ன் ஸ்பிரிட் ரயில் நிறுவன வழக்கு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் சொந்த நடைமுறையையே மாற்றியது. அங்கே பகுதிநேர நீதிபதியாக அமர்ந்த ஒரு மூத்த பாரிஸ்டர், வேறொரு நாளில் தன்னோடு அமர்வில் இருந்த, நீதிபதி அல்லாத உறுப்பினரின் முன்னிலையிலேயே ஒரு தரப்புக்காக வாதாடலாம் என்ற வழக்கம் இருந்தது. யாரும் நேர்மை தவறியதாகச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த உறுப்பினர் தன்னையறியாமல் அந்தப் பாரிஸ்டரின் சொல்லுக்கு எடை கூட்டலாம் என்று பார்வையாளர் நினைப்பார், ஆகவே அந்த வழக்கம் நிற்க வேண்டும் என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். அதே 2003இல் லண்டனின் சதர்க் உள்ளாட்சி மன்ற வழக்கில், தீர்ப்பாயம் நடுவிலேயே ஒரு தரப்பின் நடத்தை பற்றிக் கடுமையான கருத்துச் சொன்னது. அது தற்காலிகக் கருத்து, மனம் மாறக்கூடியது என்பதால் பாரபட்சம் ஆகாது என்று முடிவானது. தீர்ப்பு வரத் தாமதமானதும் தனியாகப் போதாது. அந்தத் தாமதத்தால் நியாயமான விசாரணை மறுக்கப்பட்ட உண்மையான ஆபத்து இருந்ததா என்று பார்ப்பார்கள் என்பது 2005இல் கானெக்ஸ் ரயில் வழக்கில் சொல்லப்பட்டது.

உடல்நலக் குறைவால் வர முடியாதவரின் நிலையை லண்டனின் வாண்ட்ஸ்வொர்த் உள்ளாட்சி மன்ற வழக்கு (2002) பேசியது. ஒருவர் நேரில் இருந்தால்தான் விசாரணை நியாயமாக இருக்கும், அவர் தன் தவறில்லாமல் வர முடியவில்லை என்றால், மற்றவர்களுக்கு எவ்வளவு சிரமமானாலும் பொதுவாகத் தள்ளிவைக்கத்தான் வேண்டும். ஆனால் அதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். "வேலைக்குத் தகுதியில்லை" என்ற மருத்துவச் சான்று போதாது. விசாரணைக்கு வர முடியாது, ஏன் முடியாது, எப்போது முடியும் என்று மருத்துவர் எழுத வேண்டும்.

ஆங்கிலம் சரளமாக வராது. அதுவும் நியாயமான விசாரணைக்குள் வருமா?

வரும். தமிழ் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேட்டால் தீர்ப்பாயமே ஏற்பாடு செய்யும், நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. அன்றாட வேலைக்கு ஆங்கிலம் போதுமானதாக இருக்கலாம். மணிக்கணக்கில் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்வது வேறு. வெட்கப்பட்டு மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று சொல்லி, கேள்வி புரியாமல் ஆம், இல்லை என்று தலையாட்டி, கடைசியில் நம்பத்தகாத சாட்சி என்று எழுதப்படுவது மிகவும் வருத்தமான விஷயம். இலங்கைத் தமிழா, தமிழ்நாட்டுத் தமிழா என்பதையும் விண்ணப்பத்தில் குறிப்பிடலாம். விசாரணையில் மொழிபெயர்ப்பு தவறாகப் போனால் அந்த இடத்திலேயே சொல்லுங்கள். உங்கள் மகனோ நண்பரோ சாட்சியத்தை மொழிபெயர்க்க வழக்கமாக விட மாட்டார்கள்.

விசாரணையில் நடந்த தவறை எப்படி நிரூபிப்பது?

அன்றன்றைக்குக் குறிப்பு எழுதுங்கள்: நேரம், யார் என்ன சொன்னார், யார் உடன் இருந்தார். நீங்களே ரகசியமாக ஒலிப்பதிவு செய்யாதீர்கள். அது நீதிமன்ற அவமதிப்பு. தீர்ப்பாயமே பெரும்பாலான விசாரணைகளைப் பதிவு செய்கிறது, எழுத்துப் பிரதி கேட்டு விண்ணப்பிக்கலாம். பாரபட்சம் என்று மேல்முறையீடு செய்தால் சத்தியப் பிரமாணத்தோடு வாக்குமூலம் கேட்பார்கள், அது நீதிபதியின் கருத்துக்கும் அனுப்பப்படும். ஆகவே நடந்ததை மட்டும் எழுதுங்கள், ஊகத்தைச் சேர்க்காதீர்கள்.

மேல்முறையீட்டில் வென்றால் அடுத்து என்ன?

பெரும்பாலும் வழக்கு மறுபடியும் முதல் தீர்ப்பாயத்துக்கே திரும்பும். காரணம் போதாது என்பது போன்ற குறை என்றால் அதே அமர்வுக்கு, பாரபட்சம் அல்லது அடிப்படைக் கோளாறு என்றால் வேறு அமர்வுக்கு. மூலத் தீர்ப்பு விழுந்தால் அதைச் சார்ந்த செலவு உத்தரவுக்கும் அடித்தளம் போய்விடும்.

மேல்முறையீடு போட்டதாலேயே பணம் கட்டுவது நின்றுவிடாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் செலவு உத்தரவைக் கவுண்ட்டி நீதிமன்றம் வழியாக வசூலிக்கலாம். நிறுத்திவைக்கவோ தவணையில் கட்டவோ தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

மேல்முறையீட்டில் தோற்றால் அங்கேயும் செலவு வருமா?

மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்திலும் தோற்றவர் கட்ட வேண்டும் என்ற வழக்கம் இல்லை. தேவையற்ற, முறையற்ற, தொல்லை கொடுக்கும் அல்லது அடிப்படையற்ற மேல்முறையீடு, நியாயமற்ற தாமதம் அல்லது நடத்தை ஆகியவற்றுக்கே உத்தரவு வரும். காரணம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்ற விதி அங்கேயும் உண்டு. தொடக்கத்தில் ஒரு நீதிபதி தாள்களைப் படித்து, வாதத்துக்கு இடமுள்ளவற்றை மட்டும் முன்னே அனுப்புவார். இடமில்லை என்று சொன்னால் நேரில் வந்து வாதாட ஒரு வாய்ப்புக் கேட்கலாம். அந்தக் கட்டத்தில் வக்கீல் இல்லாதவர்களுக்கு உதவ, சம்பளம் வாங்காத வக்கீல்களின் ஆலோசனைத் திட்டம் ஒன்று இயங்குகிறது. கேட்டுப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

அதற்கும் மேலே, மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போக நினைத்தால் நிலைமை தலைகீழ். முதலில் அனுமதி வாங்க வேண்டும். அங்கே தோற்றவர் கட்டுவதே வழக்கம், தொகையும் பெரிது. ஆனால் தோற்றவர் செலவைக் கட்டும் வழக்கம் இல்லாத தீர்ப்பாயங்களிலிருந்து வரும் மேல்முறையீடுகளில், இரு தரப்பும் கேட்கக்கூடிய செலவுக்கு வரம்பு விதிக்கும் அதிகாரம் இங்கிலாந்து, வேல்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு இருக்கிறது. அந்த விண்ணப்பத்தை எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில் போட வேண்டும். அனுமதி கேட்கும் மனுவோடு சேர்த்தே போடுவது நல்லது.